ஏறாதவர்களுக்கும் ராட்டினம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால், கோட்டக்குப்பத்தைத் தாண்டியதும் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று ஊர்கள் வருகின்றன. சில கிலோமீட்டருக்குள் மூன்று சாவடிகள். நடந்தும் மாட்டுவண்டியிலும் போனவர்கள் வெயிலுக்கு ஒதுங்க, இரவில் கால் நீட்ட, வழியோரம் கூரை போட்டு வைத்த இடத்துக்குச் சாவடி என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதும் அங்கேதான். படுத்துக் கிடந்தவரை எழுப்பிக் காசு கேட்கும் இடமாக அது இருந்ததில்லை. அதே சொல் இன்று இதே சாலையில் வேறொரு பொருளில் நிற்கிறது. 2002-இல் இது சுங்கம் கட்டிப் போகும் சாலை ஆனது. மரக்காணத்துக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவே அனுமந்தையில் சுங்கச்சாவடி வந்தது. தங்க வைத்த சாவடி ஊர்ப்பெயராகச் சுருங்கிவிட, தடுத்து நிறுத்தும் சாவடி சாலையில் மிஞ்சியிருக்கிறது. சிறிய பூங்காக்களைப் பற்றி, அதாவது ஒரு குதிரை ராட்டினமும் ஒரு குட்டி ரயிலும் ஒரு கொலம்பஸ் படகும் பஞ்சுமிட்டாய் வண்டியும் இருக்கிற, மாலையில் குடும்பத்தோடு போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்களைப் பற்றி யோசிக்கும்போது, இந்த இரண்டு சாவடிகளுக்கும் இடையிலான வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அத்தகைய பூங்காவின் மதிப்பு ராட்டினத்தின் உயரத்தில் இல்லை, வாயிலில் யாரிடம் எதற்காகக் காசு வாங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பது என் வாதம்.

கேளிக்கைக்குக் காசு வாங்க இரண்டு வழிகள் உண்டு. திடலுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், ஏறுகிறவர் மட்டும் ஏறும் ராட்டினத்துக்குக் கொடுத்தால் போதும் என்பது ஒன்று. நம் திருவிழாத் திடல்கள் இந்த வகை. சுற்றிலும் வேலி போட்டு, வாயிலிலேயே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, உள்ளே எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு வயது அதிகமில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இல் பால் பாய்ட்டன் என்பவர் தன் கடற்சிங்கப் பூங்காவை வேலியால் அடைத்து நுழைவுக் கட்டணம் வாங்கியதை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். டிஸ்னிலாண்டேகூட 1955-இல் திறந்தபோது முழுக்க இந்த வழிக்கு வந்துவிடவில்லை. வாயிலில் ஒரு தொகை, உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச்சீட்டு என்று வைத்து, சில மாதங்களில் சீட்டுகளைத் தைத்துப் புத்தகமாக விற்கத் தொடங்கி, 1982-இல்தான் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டு ஒரே கட்டணத்துக்கு வந்தது. வாயிலுக்கும் ராட்டினத்துக்கும் தனித்தனியாக வாங்கும் அந்தப் பழைய ஏற்பாட்டைப் பற்றி வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் 1971-இல் எழுதிய கட்டுரை பொருளியல் வகுப்புகளில் இன்றும் பாடம். வருகிற எல்லாரும் ஒரே மாதிரியான ஆசையும் வசதியும் உள்ளவர்களாக இருந்தால், உள்ளே ஏறும் கட்டணத்தைச் செலவின் அளவுக்குக் குறைத்துவிட்டு, அவர்கள் தரத் தயாராக இருக்கும் மிச்சப் பணம் முழுவதையும் வாயிலிலேயே வாங்கிக்கொள்வது உரிமையாளருக்கு லாபம் என்று அவர் காட்டினார். ஆட்கள் வேறுபட்டால் இந்தக் கணக்கு சிக்கலாகிவிடும் என்பதையும் அவரே சொன்னார். என் வாதத்துக்கு அந்த இரண்டாம் பகுதிதான் தேவை. ஏனென்றால், ஒரே மாதிரியான ஆட்கள் இல்லாத கூட்டத்துக்குத்தான் தமிழில் குடும்பம் என்று பெயர்.

திடலுக்கு வரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டி ஏற மாட்டாள். கைக்குழந்தையை வைத்திருக்கும் மகள் ஏற முடியாது. முழங்கால் வலியுள்ள அப்பா பையையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு நிற்பார். பத்து வயதுப் பெண் எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்பாள், ஆறு வயதுப் பையன் குதிரை ராட்டினத்தைக் கண்டதும் அழுவான், அத்தை ஒரே ஒரு முறை, அதுவும் வற்புறுத்தினால் மட்டும் ஏறுவாள். ஆறேழு பேரில் உண்மையில் ஏறுகிறவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எதற்காக வருகிறார்கள்? பார்க்க வருகிறார்கள். ராட்டினம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் பேத்தி கையசைக்கிறாள், கீழே நிற்பவள் ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் கையசைக்கிறாள். ஏறியவளின் மகிழ்ச்சியில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. பார்க்க ஆளில்லாத குதிரை ராட்டினத்தில் தனியாகச் சுற்றும் குழந்தைக்கு இரண்டாவது சுற்றிலேயே சலிப்பு வந்துவிடும். நிற்பவர்களும் இந்த விளையாட்டில் பங்குள்ளவர்கள்தான் என்பதால்தான், அவர்களிடம் தலைக்கட்டணம் வாங்குவது எனக்குத் தவறாகத் தெரிகிறது. பாட்டிக்கும் அத்தைக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கும் வாயிலில், அவர்கள்தான் முதலில் விலகிக்கொள்வார்கள். நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாக்கியத்தை யாரும் சொல்லித்தராமலே சொல்லிவிடுவார்கள். குடும்பத்தோடு வாருங்கள் என்று பலகையில் எழுதிவைத்த பூங்கா, அந்த இடத்தில் குடும்பத்தைப் பிரித்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் நிற்பவர்களின் விழாவுக்குப் பெரிய மரபு உண்டு. தை மாதம் 5-ஆம் நாள் விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களில் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவில் சுற்றுவட்டார ஊர்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. பிடாகம் மணல்வெளியில் ராட்டினங்கள் நிற்கின்றன, சிறுவள்ளிக்கிழங்கு குவித்து விற்கிறார்கள். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் வருகின்றன. பங்குனி உத்திரத்துக்கு மயிலம், ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் என்று ஆண்டு முழுவதும் இந்தச் சங்கிலி நீள்கிறது. இவற்றில் சாமியைப் பார்ப்பதற்கும் ராட்டினத்தைப் பார்ப்பதற்கும் நடுவில் யாரும் கோடு போட்டதில்லை. இரண்டுக்குமே பார்த்தல் என்ற ஒரே வினைச்சொல் போதுமானதாக இருக்கிறது. ஊரோடு அமைந்த நிலையான பூங்கா இந்தத் திடலின் வாரிசாக இருக்க வேண்டுமே தவிர, டிஸ்னிலாண்டின் சிறிய நகலாக ஆகக் கூடாது. நகல் என்று வந்துவிட்டால் சிறியது எப்போதும் குறைபட்டதாகவே தெரியும். வாரிசுக்கு அந்தக் குறை கிடையாது.

இந்தக் கரையில் வாழ்கிறவர்களின் நாட்காட்டியும் என் பக்கமே பேசுகிறது. பெரிய முதலியார்சாவடி கடலை நம்பிய ஊர், வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் மரக்காணத்து உப்பளங்கள். மீன்வளம் பெருக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவதும் அப்போதுதான். விசைப்படகில் பங்குக்குப் போகிற குடும்பங்களில், பிள்ளைகளும் அப்பாவும் ஒன்றாக வீட்டில் இருக்கிற அந்த இரண்டு மாதங்கள் கையில் காசில்லாத மாதங்கள். உப்பளத்தில் இது தலைகீழ். மழை ஓய்ந்த தையில் பாத்தி கட்டத் தொடங்கி, வெயில் ஏற ஏற உப்பு வாருவது உச்சத்துக்குப் போகிறது. கோடை விடுமுறையில் கூலி உண்டு, ஆனால் விடியும் முன் இறங்கி வெள்ளை உப்பின் கூசலில் வேலை செய்துவிட்டு வருகிற உடம்பில் பிள்ளைகளைத் தொலைதூரம் கூட்டிப்போகத் தெம்பு மிஞ்சாது. ஐப்பசியில் மழை இறங்கியதும் பாத்திகள் மூழ்க, நேரம் வந்துசேர்கிறது, கூலி நின்றுவிடுகிறது. பணமும் ஓய்வும் ஒரே மாதத்தில் சேர்ந்து கிடைப்பது இவர்களுக்கு அரிது. ஒரு நாள் முழுவதையும், ஒரு பெரிய தொகையையும் ஒன்றாகக் கேட்கிற கேளிக்கை இவர்களுக்காக யோசிக்கப்பட்டதல்ல. ஒரு மாலை, இரண்டு சீட்டு, ஒரு பொட்டலம் கடலை என்று கேட்கிற இடத்துக்கு இவர்களால் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு போக முடியும்.

கடல் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பூங்கா எது, அதற்கு வாயிலும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீண்ட காலம் அதுதான் விடையாகவும் இருந்தது. இந்த ஊர்களில் மணல்தான் படகு ஏற்றும் துறை, வலை உலர்த்தும் களம், கருவாடு காயும் இடம், மாலையில் பந்து விளையாடும் மைதானம். அந்த மணல் இப்போது அப்படியே இல்லை. நம் கிழக்குக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்களைக் கட்டியதும் இந்த நகர்வு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே வரவேண்டியது வராமல் போனது, வழக்கமாகப் போவது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முதலில் புதுச்சேரி நகரின் கடற்கரை கரைந்தது. அங்கே கருங்கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே தள்ளி, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. வீடுகளைக் காக்கக் கல் கொட்டினால் அந்தக் கல்லுக்கு வடக்கே உள்ள ஊர் கேட்கிறது, கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊர் கேட்கிறது. எஞ்சிய மணலில் ஒரு பகுதிக்கு விடுதிகளின் மதில்களைத் தாண்டித்தான் போக முடிகிறது. சனி ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகள் நிறையும் சாலையோரத்தில், உள்ளூர்ச் சிறுவர்களுக்கு ஓட இருந்த இடம் குறைந்திருக்கிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இவர்கள் இழந்ததற்கு இழப்பீட்டுக் கணக்கில் ஒரு தலைப்பே இல்லை. வீடு போனால் அளக்கலாம், படகு போனால் விலை போடலாம், மாலை நேரம் போனதை எந்த அதிகாரி எந்தப் பதிவேட்டில் எழுதுவார்? மணல் இருக்கும் இடத்திலும் இருட்டிய பிறகு பெண்கள் நிற்க விளக்கு வேண்டும், கழிப்பறை வேண்டும். கடல் அவற்றைத் தராது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணிக்கு வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற அந்தச் சாலையில் சும்மா நடக்க எவ்வளவு கூட்டம் வருகிறது என்பதே, நிற்க இடம் வேண்டும் என்பது எத்தனை பெரிய தேவை என்று காட்டுகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. அதற்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஏறும் ஒவ்வொரு முறைக்கும் காசு என்று வைத்தால், ஒவ்வொரு ராட்டினத்தின் முன்பும் குழந்தை கெஞ்ச வேண்டியிருக்கிறது, தாய் மறுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு முறை ஏற, தன் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை விடக் கொடுமை உண்டா? ஒரே கட்டணப் பூங்காவில் வாயிலைத் தாண்டிவிட்டால் அந்தப் பேதம் இல்லை, உள்ளே எல்லாரும் சமம் என்கிறார்கள். உள்ளே சமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே வரமுடிந்தவர்களுக்குள் மட்டுமே அந்தச் சமத்துவம். கம்பியைப் பிடித்து நிற்கும் குழந்தையை அந்த வாயில் ஏற்றிவிடவில்லை, நம் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். திடலில் சொல்லப்படுகிற மறுப்பு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற மறுப்பு. வீட்டிலேயே சொல்லிவிடுகிற மறுப்பு, போகவே வேண்டாம் என்கிற மறுப்பு. முதலாவது வலிக்கும்தான். ஆனாலும் அதற்குள் குழந்தைக்கு ஒரு தேர்வு இருக்கிறது. எதில் ஏறலாம் என்று திடலை இரண்டு முறை சுற்றிவந்து, எல்லா ராட்டினத்தையும் நின்று அளந்து, கடைசியில் முடிவெடுக்கிற அந்த அரைமணி நேரமும் திடலின் விளையாட்டில் சேர்ந்ததே. வலியைக் குறைக்க வழிகளும் உண்டு. ஆறு வயதுக்குள் குதிரை ராட்டினம் இலவசம் என்று ஒரு கிழமையை ஒதுக்கலாம், ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் எப்போதும் காசில்லாமல் விடலாம். அவற்றை ஊராட்சியோ நகராட்சியோ செய்ய வேண்டும். ராட்டினக்காரரின் தலையில் போட முடியாது, அவர் கடனில் வாங்கிய எந்திரத்தை வைத்துப் பிழைப்பவர்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியாது. 2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரையில் ஊசலாடும் ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் மொஹாலி பொருட்காட்சியில் உயரத்திலிருந்து இறங்கும் கோபுர ராட்டினம் ஆட்களோடு பொத்தென்று விழுந்தது. இவற்றைப் படித்த தாய், சிறிய இடங்களில் பராமரிப்பு இருக்காது, பெரிய பூங்காவே மேல் என்று நினைப்பது இயல்பு. பெரிய பூங்காவிலும் எந்திரம் நடுவானில் நின்றுபோய் தீயணைப்புத் துறையின் ஏணி வண்டி வந்து ஆட்களை இறக்கியதை 2025-இல் சென்னையை ஒட்டிய இதே கடற்கரைச் சாலை பார்த்தது. இங்கே சிறியது பெரியது என்பதைவிட, மெதுவானது வேகமானது என்ற பிரிவு முக்கியம். மையத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் குதிரை, பத்து நொடிக்கு ஒரு சுற்று வந்தால், அதில் உட்கார்ந்த குழந்தையை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் விசை அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். கம்பியைப் பிடித்த பிஞ்சுக் கை அதைத் தாங்கும். சுற்றும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் ஆபத்து அதைவிடப் பெரிதாகக் கூடும் என்பது இந்தக் கணக்கின் பொருள். ஆகவே சிறிய பூங்கா வேகத்தில் பெரியவற்றோடு போட்டி போடக் கூடாது என்பதை ரசனையாக மட்டும் சொல்லவில்லை, பொறியியலாகவும் சொல்கிறேன். மரப்பெட்டி நான்கைக் கட்டிக் கையால் தள்ளிச் சுற்றிய பழைய ராட்டினத்தில், பயந்து அழும் குழந்தையைக் கண்டதும் தள்ளுகிறவர் கையை எடுத்துவிடுவார். அந்தக் கைதான் அதன் பிரேக். மோட்டார் வைத்த பிறகும் அந்தக் கண்ணும் கையும் ராட்டினத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதோடு, உப்புக்காற்று அடிக்கிற இந்தக் கரையில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். உள்நாட்டு ஊருக்குப் போதுமான ஆய்வு கடலோரத்துக்குப் போதாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஆணி, பற்றவைப்பு, தாங்கி எல்லாவற்றையும் தகுதியுள்ள பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்தை எல்லாரும் படிக்கும்படி ராட்டினத்திலேயே தொங்கவிட வேண்டும்.

வாயில் கட்டணம் தாழ்வாக இருந்தால் பூங்கா பிழைக்காது என்று வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்லலாம். சிங்கப்பூரில் 1923-இல் நியூ வேர்ல்ட், 1931-இல் கிரேட் வேர்ல்ட், 1937-இல் ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று கேளிக்கைத் திடல்கள் எழுந்தன. நியூ வேர்ல்ட் இருந்த ஜாலான் பெசார், தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் சாலைக்குப் பக்கம். வாயிலில் சொற்பக் காசு, உள்ளே நாடகம், குத்துச்சண்டை, ராட்டினம், சாப்பாட்டுக் கடை என்று தேவைப்பட்டதற்குத் தேவைப்பட்டவர் கொடுப்பார். கூலிக்காரர்களும் முதலாளிகளும் ஒரே மண்ணில் நடந்த அந்த இடம் 1987 வரை நீடித்தது. அறுபது ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த ஏற்பாட்டை நடக்காதது என்று தள்ள முடியாது. வாயிலே இல்லாத திடலும் உண்டு. கொழும்பின் காலிமுகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859-இல் அமைத்தபோது, நகரத்துப் பெண்கள், குழந்தைகளின் நலத்துக்காக அதைக் காக்க வேண்டும் என்று தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். காலனி ஆளுநரின் மனதில் இருந்த பெண்களும் குழந்தைகளும் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இருந்தாலும் அந்தப் புல்வெளியில் பிறகு பட்டம் விட்டவர்களும் இறால் வடை தின்றவர்களும் அவர் நினைத்திராத ஏழைப் பிள்ளைகள்தாம். கல்லில் எழுதியதை அவர்கள் தங்களுக்காக எழுதியதாக எடுத்துக்கொண்டார்கள்.

சிறிய திடலுக்கும் பெரிய பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டை நம் சட்டங்கள் இன்னும் கவனிக்கவில்லை. 2018 ஜனவரியில் பூங்காக்களுக்கான சரக்கு சேவை வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தபோது, பிரம்மாண்டமான தீம் பார்க்கும் குதிரை ராட்டினமும் ஒரே வரியில்தான் எழுதப்பட்டன. கேளிக்கை என்றால் ஆடம்பரம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. உப்பு வாருகிறவரின் பிள்ளைக்கு ஒரு மாலை ராட்டினம் ஆடம்பரம் என்றால், எது தேவை என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கரைக்கென்று ஒரு பூங்கா வருமானால் அதில் முதலில் போடவேண்டியது ராட்டினம் அல்ல என்று தோன்றுகிறது. திறந்த வாயில், விளக்கு, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை, குதிரை ராட்டினத்தைச் சுற்றி, அதைப் பார்த்தபடி சாய்ந்து உட்காரக் கல் திண்ணை, இவற்றுக்கு அப்புறம்தான் எந்திரங்கள். இன்னும் ஒன்று வேண்டும். உப்பளத்துக் குடும்பங்களுக்கு நேரம் கிடைப்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும், பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது. வானத்தைப் பார்த்த பூங்கா அந்த மாதங்களில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அவர்களும் வரவேண்டுமென்றால், சிறிய ராட்டினம் ஒன்றாவது மழைக்குள்ளும் சுற்ற, பார்க்க வந்தவர்கள் நனையாமல் நிற்க, திடலின் நடுவில் நான்கு தூண் நட்டு ஒரு பெரிய கூரை போட வேண்டும். அப்படி ஒரு கூரைக்கு இந்த ஊரில் புதிதாகப் பெயர் தேட வேண்டியதில்லை.